வசனத்தைப் படிக்கிற அவசரத்தில் படத்தை விட்டுவிடாதீர்கள்

ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் நாவலை வைத்து எடுத்த அந்த ஸ்வீடிஷ் படத்தைப் பார்த்தாயா என்று நண்பரிடம் கேட்டேன். "பார்த்தாச்சு, டேனியல் கிரெய்க் பிரமாதம்" என்றார். அவர் பார்த்தது 2011இல் டேவிட் ஃபின்ச்சர் ஆங்கிலத்தில் எடுத்தது. அதிலும் கதை ஸ்வீடனில்தான் நடக்கும், அதே பனிதான், அதே பெயர்கள்தான், ஆனால் எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள். நான் சொன்னது 2009இல் வந்த ஸ்வீடிஷ் படம். இயக்குநர் நீல்ஸ் ஆர்டன் ஒப்லேவ் டென்மார்க்காரர். கதாநாயகி லிஸ்பெத் சலாண்டராக நூமி ரபாஸ், பத்திரிகையாளர் ப்ளூம்க்விஸ்டாக மிக்கேல் நிக்விஸ்ட். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு, 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ', அதனால் மாறிப்போவது சகஜம். பட்டனை அழுத்தும் முன் நடிகர்கள் பெயரை ஒருமுறை பாருங்கள்.

சரி, படம் கிடைத்துவிட்டது. அடுத்த தவறு ஆடியோவில். இந்தப் படத்துக்கு ஆங்கில டப்பிங்கும் உண்டு, சில சமயம் அதுதான் முதலில் ஓடும். எங்கேயோ ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசிய குரல் நிக்விஸ்டின் சோர்ந்த முகத்துக்கு ஒட்டவே ஒட்டாது. நானே முதல் தடவை இருபது நிமிடம் டப்பிங்கில் பார்த்துவிட்டு, 'என்னடா நடிப்பு இது' என்று அலுத்துக்கொண்டேன். தப்பு நடிப்பில் இல்லை. ஆடியோவை ஸ்வீடிஷுக்கு மாற்றுங்கள். சப்டைட்டிலிலும் காது கேளாதவர்களுக்கான வகை ஒன்று இருக்கும், 'கதவு சாத்தும் சத்தம்', 'பதற்றமான இசை' என்றெல்லாம் எழுத்தில் வரும். தேவைப்படுகிறவர்களுக்கு அது அவசியம். மற்றவர்களுக்கு திகில் காட்சியில் அடுத்த நொடி என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே போட்டுக் கொடுத்துவிடும்.

சப்டைட்டில் ஃபைலைத் தனியாக இறக்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தியேட்டரில் வந்த படம் 152 நிமிடம், நீட்டித்த வடிவம் மூன்று மணி நேரம். ஒன்றின் ஃபைல் இன்னொன்றுக்குச் சேராது. சில சமயம் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக வசனம் விலகிக்கொண்டே வரும். நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் செய்த ஃபைலை 24 ஃப்ரேம் படத்துக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும், ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போயிருக்கும். விஎல்சி பிளேயரில் ஜி, ஹெச் எழுத்துகளைத் தட்டித் தட்டி சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். அது ஒரே அளவு பிசகுக்குத்தான் உதவும், கூடிக்கொண்டே போகிற பிசகுக்கு உதவாது. வேறு ஃபைல் தேடுவதுதான் வழி.

இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. உண்மையான தவறு படம் ஓட ஆரம்பித்த பிறகுதான். தமிழ்ப் படம் பார்க்கும்போது கையில் போன் இருந்தாலும் காது கதையைப் பிடித்துக்கொள்ளும். இங்கே காதுக்கு வேலை பாதிதான். அதனால் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், கண்ணைத் திரையின் அடியில் நட்டுவைத்து வரிகளை மட்டும் படிக்கிறார்கள், வரி இல்லாதபோது 'இப்போ ஒண்ணும் இல்லை' என்று போனை எடுக்கிறார்கள். இந்தப் படத்தின் உயிரே வரி இல்லாத இடங்களில்தான் இருக்கிறது. 1966இல் காணாமல்போன ஹேரியட் என்ற பெண்ணைத் தேடுகிற ப்ளூம்க்விஸ்டுக்கு, அந்த நாளில் ஊரில் நடந்த ஊர்வலத்தின் பழைய புகைப்படங்கள் கிடைக்கின்றன. அவற்றை லேப்டாப்பில் ஏற்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகிறார். கூட்டத்தில் நிற்கிற பெண் ஊர்வலத்தைப் பார்க்கிறாள். அடுத்த படத்தில் தலை திரும்பியிருக்கிறது. அதற்கடுத்ததில் முகமே மாறிவிட்டது. எதிர்ப்பக்கம் யாரையோ பார்த்துவிட்டாள்! ஒரு வசனம் கிடையாது, சப்டைட்டிலும் கிடையாது. மொத்தக் கதையும் திரும்புகிற இடம் அது, அதே நேரத்தில் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் கடைசியில் 'எப்படிக் கண்டுபிடிச்சான்னே புரியலை' என்பார்கள். வரியை ஒரு பார்வையில் அள்ளிவிட்டு உடனே முகத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு வார்த்தை தவறினால் தவறட்டும்.

பெயர்க் குழப்பமும் கண்ணால் வருவதுதான். ஹென்ரிக், ஹரால்ட், ஹேரியட் எல்லாரும் வாங்கர் குடும்பம், ஆங்கில எழுத்தில் எல்லாம் ஒரே 'ஹெச்'. வேகமாகப் படிக்கும்போது மூன்றும் ஒன்றாகத் தெரியும். அவர்கள் பெயர் சொல்லும்போது காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பத்து நிமிடத்தில் பிரிந்துவிடும். அதற்காகப் பாதியில் நிறுத்தி கூகுளில் தேடினீர்களோ, கொலைகாரன் யார் என்பது இரண்டாவது வரியிலேயே இருக்கும்.

மொழிபெயர்ப்பில் வராத விஷயங்களும் உண்டு. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஸ்வீடனில் 'நீங்கள்' போன்ற மரியாதை விளி ஏறக்குறைய போய்விட்டது, பெரிய பணக்காரரையும் 'டூ', அதாவது நீ, என்றே கூப்பிடுவார்கள். தமிழில் சப்டைட்டில் கிடைத்து அதில் 'நீங்கள்' என்று வந்தால் அது மொழிபெயர்த்தவர் சேர்த்த மரியாதை. இன்னொன்று லிஸ்பெத்தின் கார்டியன். இருபதுகளில் இருக்கிற பெண் தன் பணத்துக்கு எதற்கு ஒருவனிடம் கைநீட்ட வேண்டும், லாஜிக் இல்லையே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்று முடிவானால், வயது வந்தவருக்கும் நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்க ஸ்வீடனில் சட்டம் இருக்கிறது. அந்த அதிகாரம் தவறான ஆள் கையில் போனால் என்ன ஆகும் என்பதுதான் அந்தப் பகுதி.

அந்தப் பகுதியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலில் அப்பா, அம்மா, பிள்ளைகளோடு உட்கார்ந்து போடுகிற படம் இல்லை இது. பாலியல் வன்முறைக் காட்சிகள் நேரடியாக, நீளமாக இருக்கும். நாவலின் அசல் ஸ்வீடிஷ் தலைப்பே 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்றுதான், படத்துக்கும் அங்கே அதுதான் பெயர். ஆங்கிலத் தலைப்பைப் பார்த்து டாட்டூ குத்திய ஒரு சாகசப் பெண்ணின் கதை என்று நினைத்து உட்காருகிறவர்களுக்குத்தான் அந்த வன்முறை எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியது போலத் தெரிகிறது.

நாவலைப் படித்தவர்கள் செய்கிற தவறு வேறு. பக்கத்தில் உட்கார்ந்து 'புக்ல இப்படி இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இல்லைதான். ஹேரியட் எழுதி வைத்த குறிப்பு பைபிளைச் சுட்டுகிறது என்பதை நாவலில் கவனிப்பது ப்ளூம்க்விஸ்டின் மகள். படத்தில் லிஸ்பெத்தே கண்டுபிடித்து அவருக்கு மெயில் அனுப்புகிறாள். எனக்கு இந்த மாற்றம் நாவலை விடப் பிடித்திருந்தது. தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கிற இரண்டு பேரை ஒரே மெயிலில் சேர்த்துவிடுகிறார்கள். ப்ளூம்க்விஸ்ட் தன் சிறைத் தண்டனையை நாவலில் நடுவிலேயே அனுபவித்துவிடுவார், படத்தில் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஒப்பிடுவதை மறுநாள் டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், பிடித்துப்போய் அடுத்த இரண்டு படங்களுக்குப் போகிறவர்கள் அதே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். அவற்றை இயக்கியது டேனியல் ஆல்ஃப்ரெட்சன், முதலில் டிவிக்கென்று திட்டமிட்டவை. மூன்றையும் நீட்டித்து, ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு பகுதிகளாக வந்த டிவி வடிவமும் இருக்கிறது. நேரம் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன், ஆனால் தியேட்டர் படத்துக்கு வைத்திருந்த சப்டைட்டில் ஃபைலை அதில் போட்டுப் பார்க்காதீர்கள்.