2 கிலோபைட் ராமில் நம்பகமான அடையாளச் சரிபார்ப்பு

சென்சாரை இயக்கும் ஏடிமெகா328பி போன்ற மைக்ரோகன்ட்ரோலரில் (சிறு கணினிச் சிப்பில்) 2 கிலோபைட் ராமும் (தற்காலிக நினைவகம்) 32 கிலோபைட் ஃபிளாஷும்தான் (நிரல் தங்கும் நினைவகம்) உண்டு என்பதால், இணையதளங்களில் புழங்கும் டிஎல்எஸ் பாதுகாப்பு நெறிமுறையைச் சான்றிதழ்களோடு அதற்குள் திணிக்க முயல்வது வீண் வேலை. சென்சாரும் அதன் செய்திகளைப் பெறும் கேட்வேயும் முன்கூட்டியே பகிர்ந்துகொண்ட 128 பிட் ரகசியச் சாவியைக் கொண்டே தொடங்கலாம்.

எல்லாச் சென்சார்களுக்கும் ஒரே சாவியை வைக்கக் கூடாது. முதன்மைச் சாவியைச் சர்வரில் மட்டும் வைத்து, அதனுடன் சென்சாரின் வரிசை எண்ணையும் சேர்த்து ஹெச்மேக் என்னும் சாவி சார்ந்த ஹாஷ் முறை மூலம் தனிச்சாவியை உருவாக்கி, அதை மட்டும் சென்சாரில் எழுத வேண்டும். ஒன்றை யாராவது கழற்றிச் சாவியை உருவினாலும் மற்றவை தப்பும்.

மறையாக்கத்துக்கு, அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2023இல் தேர்ந்தெடுத்த ஆஸ்கான் என்னும் இலகு மறையாக்க முறை பொருத்தமானது. அதன் உள்நிலைக்கு 40 பைட் போதும். சொந்தமாக ஒரு முறையை உருவாக்கும் ஆசை வேண்டாம். மைஃபேர் கிளாசிக் தொடர்பில்லா அட்டைகளின் கிரிப்டோ1 மறையாக்க முறை ரகசியமாகக் காக்கப்பட்டும் 2008இல் உடைபட்டது.

உண்மையான சிக்கல் எண்ணியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போகும் எண்ணை, அனுப்பும் திசையைக் குறிக்கும் ஒரு பைட்டுடன் சேர்த்து நான்ஸாக (ஒரே சாவியுடன் ஒருமுறை மட்டுமே வரவேண்டிய எண்ணாக) பயன்படுத்த வேண்டும். கடைசியாக ஏற்றதைவிடப் பெரிய எண்ணுடன் வரும் செய்தியை மட்டுமே பெறுபவர் ஏற்க வேண்டும். எண்ணை ராமில் மட்டும் வைத்தால், மின்சாரம் போய் வந்ததும் அது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கி, பழைய நான்ஸ்கள் அதே சாவியுடன் திரும்ப வந்து பாதுகாப்பைக் குலைத்துவிடும். மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் எழுதலாமென்றால், அதன் உத்தரவாதமோ 1,00,000 முறை எழுதுவதற்குத்தான். நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பும் சென்சார் அதை 70 நாட்களுக்குள் தீர்த்துவிடும். எனவே 1,000 எண்கள் தள்ளி ஒரு மேல்வரம்பை முன்னதாகவே எழுதிவைத்து, அதை எட்டும்போது மட்டும் அடுத்த வரம்பை எழுத வேண்டும். மறுதொடக்கத்தில் சேமித்த வரம்பிலிருந்தே எண்ணத் தொடங்க வேண்டும். இடையில் சில நூறு எண்கள் வீணாவதால் நஷ்டமில்லை. எழுதும்போதே மின்சாரம் அறுபடக்கூடும் என்பதால், சரிபார்ப்புத் தொகையுடன் இரண்டு இடங்களில் மாறி மாறி எழுதுவது நல்லது.

செய்தியோடு வந்த 16 பைட் சரிபார்ப்புக் குறியை, சி மொழியின் மெம்கம்ப் செயற்கூறு கொண்டு ஒப்பிடக் கூடாது. முதல் வேறுபாட்டிலேயே அது நின்றுவிடுவதால், எத்தனை பைட் பொருந்தின என்பதை எடுத்துக்கொண்ட நேரமே காட்டிக்கொடுக்கும். எல்லா பைட்டுகளின் வேறுபாட்டையும் திரட்டியபின் ஒரே முறை முடிவெடுக்க வேண்டும்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு: சாவி பறிபோனால், முன்பு பதிவுசெய்து வைத்த செய்திகளையும் எதிரி படித்துவிடலாம். அது ஏற்கத்தக்கதல்ல என்றால், பெரிய சிப்பைத் தேர்ந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் புதுச் சாவியை உருவாக்கும், 2024இல் ஆர்எஃப்சி 9528 என்னும் இணையத் தர ஆவணமாக வெளியான எட்ஹாக் நெறிமுறையைப் பயன்படுத்தலாம். சிக்கனமான அமைப்பில் அதன் மூன்று செய்திகளும் சேர்ந்தே 101 பைட்தான்.