வீட்டில் பிலிம் கழுவும்போது தண்ணீரில் செய்யக்கூடாத தவறுகள்

கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவிவிட்டு நெகட்டிவோடு என்னிடம் வருகிறவர்களின் தவறுகளில் பாதி, தொடக்கத்தில் நானும் செய்தவை. பிலிமை இருட்டில் அடைத்து வைக்கும் டேங்கை வெளிச்சத்தில் திறப்பது போன்றவற்றுக்கு ஒருமுறை பட்டாலே புத்தி வந்துவிடும். தண்ணீர் விஷயம் அப்படி இல்லை.

எக்ஸ்டாலும் போர் தண்ணீரும்

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். எக்ஸ்டால் 1996-இல் கோடாக் கொண்டுவந்த டெவலப்பர், அதாவது பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம். பழைய டெவலப்பர்களில் இருக்கும் ஹைட்ரோகுயினோனுக்குப் பதிலாக வைட்டமின் சி வகையைச் சேர்ந்த ஐசோஅஸ்கார்பேட் அதில் இருக்கிறது. தண்ணீரில் இரும்போ செம்போ துளி கலந்திருந்தாலும், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை வேகமாகக் கெடுத்துவிடும். டி-76 என்ற பழைய டெவலப்பர் கெட்டுப்போனால் பழுப்பேறி எச்சரிக்கும். எக்ஸ்டால் செத்த பிறகும் தெளிவாகவே இருக்கும்.

ஒரு தம்பி தன் ஊர்த் தேர்த்திருவிழாவை ரோல் ரோலாக எடுத்து வந்து, மொத்தத்தையும் ஒரே டேங்கில் கழுவினார். வந்தது வெறும் கண்ணாடிப் பட்டை. ஷட்டர் கோளாறு என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பியவரை நிறுத்தி, பிலிமின் ஓரத்தைப் பார்க்கச் சொன்னேன். கம்பெனியிலேயே பதித்து அனுப்பும் ஓரத்து எண்கள் விழுந்து படம் மட்டும் இல்லையென்றால் கேமராவைச் சந்தேகிக்கலாம். எண்களும் இல்லையென்றால் டெவலப்பர் வேலை செய்யவில்லை. அவருடையதில் எண்களும் இல்லை. விசாரித்தால், பக்கெட் அடியில் துருக்கறை படிகிற போர் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறார். "டி.டி.எஸ். மீட்டர்ல கம்மியாதானே காட்டிச்சு அண்ணா" என்றார். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் இரும்பு எவ்வளவு என்று சொல்லாது. தேர் இனி அடுத்த வருஷம்தான்.

இத்தனைக்கும் ஐந்து நிமிஷத்தில் இதைத் தடுத்திருக்கலாம். பிலிமை கேமராவில் மாட்டும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் ஒரு துண்டு வெட்டி, வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போடுங்கள். சில நிமிஷங்களில் கருகருவென்று ஆக வேண்டும். ஆகாவிட்டால் யோசிக்காமல் கீழே ஊற்றிவிடுங்கள். எக்ஸ்டாலைக் கரைக்கவும், அப்புறம் நீர்க்க வைக்கவும் டிஸ்டில்டு வாட்டர்தான்.

கடைசி அலசல்

உப்புத் தண்ணீரில் அலசித் தொங்கவிட்டால், காய்ந்த இடத்தில் வெள்ளைத் திட்டு படியும். வானம் வரும் படங்களில் அது பல்லிளிக்கும். துணியால் துடைக்கப் போனால் கீறல் மிச்சம். கடைசி அலசலை மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் வையுங்கள். தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்தோட வைக்கும் போட்டோஃப்ளோ திரவத்தை, 200 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சேர்த்தால் போதும். தாராளமாக ஊற்றினால் அதுவே பிசுக்காகப் படியும்.

ஃபிக்ஸருக்கு

டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைக்கவைக்கும் இந்த ரசாயனத்துக்குக் குழாய்த் தண்ணீர் போதும். மண் இருந்தால் வடிகட்டுங்கள்.

சித்திரை வெயிலில் மாடித் தொட்டி

20 டிகிரியில் டெவலப் செய்த பிலிமைத் தொட்டியிலிருந்து வரும் வெந்நீரில் கழுவுகிறார்கள். ஜெலட்டின் ஊறி இளகிவிடும், நகம் பட்டாலே கோடு விழும். 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். இல்ஃபோர்ட் என்ற பிலிம் கம்பெனி சொன்ன முறையில் டேங்கை நிரப்பி 5 தடவை, தண்ணீர் மாற்றி 10, மறுபடி மாற்றி 20 தடவை கவிழ்த்தால் சரி. அந்தக் கொஞ்சத் தண்ணீரை ஐஸ் வைத்துக் குளிரவைப்பது சுலபம்.

ஏ.சி. தண்ணீர்

வேண்டாம். செம்புக் குழாயிலும் தூசியிலும் பட்டு வடிவது அது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள். பேட்டரி ஆசிட் கேனும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள்.