சிஸ்டர் மேரியோட மூளையும் நம்ம வீட்டு பீபி மாத்திரையும்

அமெரிக்கால நோட்ர டாம் சபை கன்னியாஸ்திரிங்க 678 பேர வச்சு டேவிட் ஸ்னோடன்னு ஒருத்தர் மறதி நோயப் பத்தி பல வருஷம் ஒரு ஆராய்ச்சி பண்ணாரு, 1986ல மினசோட்டால தொடங்குனது. அப்பப்ப ஞாபக டெஸ்ட் எடுத்துக்கணும், செத்ததுக்கப்புறம் மூளைய தானமா குடுத்துரணும், அவங்களும் சரின்னுட்டாங்க. ஏன் கன்னியாஸ்திரிங்கன்னா எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி வாழ்க்கை, அதனால ஒப்பிட்டுப் பாக்குறது சுலபம்.

இதுல சிஸ்டர் மேரின்னு ஒரு அம்மா 101 வயசு வரைக்கும் இருந்தாங்க, கடைசி வரைக்கும் டெஸ்ட்ல நல்ல மார்க்கு. மூளைய அறுத்துப் பாத்தா அமிலாய்டுங்கிற புரதப் படிவும் டவ் புரத முடிச்சும் ஏராளம், அதாவது அல்சைமர்ங்கிற மறதி நோய் வந்தவங்க மூளைல என்ன இருக்குமோ அதெல்லாம் இருக்கு, ஆனா நோய் மட்டும் வெளிய தெரியல.

அதனால ஸ்கேன்ல படிவு தெரிஞ்சாலே "முடிஞ்சுபோச்சு"ன்னு உக்காந்துர்றது ஒரு தப்பு. அடிபட்டாலும் வேலைய இழுத்துக்கிட்டுப் போற தெம்பு சில மூளைக்கு இருக்கு, ஆராய்ச்சிக்காரங்க இத மூளையோட கையிருப்புன்னு சொல்றாங்க, படிப்பு, வேலை, நாலு பேரோட பழக்கம் இதெல்லாம் சேர்ந்து வர்றது. சரி அப்ப படிவு இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு இந்தப் பக்கம் சாயறதும் தப்புதான், ஏன்னா எல்லாரும் சிஸ்டர் மேரி இல்ல.

என்னைக் கேட்டா அந்த ஆராய்ச்சில முக்கியமான விஷயம் 1997ல வந்தது, அத யாரும் பெருசா பேசறதில்ல. படிவும் முடிச்சும் இருக்கிற மூளைங்கள்லயே கூடவே சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைப்பு வந்திருந்தவங்களுக்குத்தான் மறதி நோய் ரொம்ப அதிகமா இருந்துச்சு. அது பக்கவாதம் மாதிரி கை கால இழுத்துப் போடாது, பல பேருக்கு வந்ததே தெரியாது. பீபி ஏறிக் கெடந்தா இந்த மாதிரி அடைப்பு வர்ற ஆபத்து கூடும். இங்கதான் நாம பண்ற பெரிய தப்பே இருக்கு, தல சுத்தல இல்ல நல்லாத்தான இருக்கேன்னு பீபி மாத்திரைய தானா நிறுத்துறது. அமெரிக்கால 9,361 பேர வச்சு நடந்து 2019ல ரிசல்ட் வந்த ஸ்பிரின்ட் மைண்டுங்கிற ஆய்வுல மேல் பீபிய 120க்குக் கீழ கொண்டுவரப் பாத்த குரூப்ல, 140க்குக் கீழன்னு வச்ச குரூப்ப விட, லேசான ஞாபகக் குறைபாடு வர்றது 19% கம்மி. முழு மறதி நோய்ல அவ்வளவு தெளிவான வித்தியாசம் காட்ட முடியல, அதையும் சொல்லிரணும். இதப் படிச்சிட்டு டாக்டரக் கேக்காம டோஸ ஏத்திக்காதீங்க, வயசானவங்களுக்கு பீபி ரொம்ப இறங்குனா கீழ விழுந்து இடுப்பு எலும்பு போயிரும்.

மாத்திரை வேண்டாம்னு சொல்றவங்களே ஞாபக சக்திக்குன்னு டப்பா டப்பாவா வாங்குறாங்க, அதுதான் வேடிக்கை. 3,069 பேர்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜிங்கோ பிலோபாங்கிற மரத்தோட இலைச்சாறும் மீதிப் பேருக்கு வெத்து மாத்திரையும் வருஷக்கணக்கா குடுத்துப் பாத்து 2008ல ரிசல்ட் சொன்னாங்க, மறதி நோயத் தடுக்கல. மூளை கேம் விக்கிற லுமாசிட்டி ஆதாரம் இல்லாம விளம்பரம் பண்ணுனதுன்னு 2016ல 20 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. சுடோகு போடறது பிடிச்சா போடுங்க, சுடோகுல கில்லாடி ஆவீங்க.

இன்னொண்ணு, "வயசாச்சுல்ல, மறதி வரத்தான் செய்யும்"னு எல்லாத்தையும் வயசு தலைல கட்டுறது. பி12 கம்மி, தைராய்டு, மனச்சோர்வு, சில சளி மாத்திரை தூக்க மாத்திரை, இதெல்லாமும் ஆள மந்தமாக்கும், இதுல நெறைய சரி பண்ணக்கூடியது. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவரு ரெண்டே நாள்ல குழப்பமாப் பேசுனா அது அல்சைமர் வர்ற வேகமே இல்ல, யூரின் இன்பெக்‌ஷன்கூட காரணமா இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

கடைசியா காது கேக்குற விஷயம், அதுக்கும் மறதிக்கும் சம்பந்தம் இருக்கு. 2024ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையோட நிபுணர் குழு 14 காரணங்களச் சொல்லி, அதெல்லாம் சரி பண்ணுனா உலகத்துல மறதி நோய்ல 45% வரைக்கும் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்குன்னாங்க, அதுல காது கேக்காததும் ஒண்ணு. உடனே காது மெஷின் மாட்டுனா நோயே வராதுன்னு நெனைக்கக் கூடாது, 977 பேர வச்சு 3 வருஷம் பாத்து 2023ல ரிசல்ட் சொன்ன ஆய்வுல மொத்தமா வித்தியாசம் இல்ல, ஏற்கனவே ஆபத்து அதிகமா இருந்தவங்க குரூப்ல மட்டும் ஞாபகம் சரியுற வேகம் 48% கம்மி. ஆனா காது கேக்காதவரு மெதுவா பேச்சுலருந்தே ஒதுங்கிர்றாரே, அதுக்காகவாவது மாட்டலாம். எங்க பெரியப்பா மெஷின ரெண்டு வருஷம் பீரோல வச்சிருந்தாரு, கௌரவப் பிரச்சனையாம். போன தீபாவளிக்கு பேட்டரி மாத்தி மாட்டி விட்டோம், மொதல்ல கேட்டது மிக்ஸி சத்தம், பெரியம்மாவ ஒரு பிடி பிடிச்சிட்டாரு.