காசு சேர்ப்பவர்களுக்கு: முதலில் ஒரு வரிசையைப் பிடியுங்கள்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையில் போனால் பழைய காசுகள் தட்டு தட்டாகக் கிடக்கும். எல்லாவற்றையும் அள்ளத் தோன்றும். நானும் ஆரம்பத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வாங்கினேன். இன்றுவரை அது வெறும் சில்லறைதான்.

எந்தக் காசைத் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். எனக்கு அது 1989-இல் தொடங்கிய மலேசிய வரிசை, அதாவது ஒரே வடிவமைப்புத் திட்டத்தில் வந்த காசுகளின் தொகுப்பு. 1 சென்னில் (சென் என்பது மலேசியச் சில்லறை, நூறு சென் ஒரு ரிங்கிட்) ரெபானா மேளம், 5 சென்னில் பம்பரம், 10 சென்னில் சோங்காக் (நம் பல்லாங்குழி மாதிரியான விளையாட்டு), 20 சென்னில் வெற்றிலைப் பெட்டி, 50 சென்னில் வாவ் பட்டம். 2012-இல் புது வரிசை வந்துவிட்டதால் இதற்கு ஒரு முடிவும் உண்டு. ஆண்டுவாரியாகத் தேடலாம், பாதி வீட்டு உண்டியலிலேயே கிடைத்துவிடும்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பினாங்குச் செம்புக் காசு மேல் ஆசையா? சரி, ஆனால் அவசரம் வேண்டாம். போலியைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும்.

அப்புறம், கறுத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். காசு பளபளக்கும், சேகரிப்பவர் யாரும் வாங்க மாட்டார்.