மூத்த கலைஞர்களின் கையெழுத்தைச் சேகரிப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பாடசாலையை விட்டுப் பிரியும் வருடத்தில் ஓட்டோகிராப் கொப்பியை நண்பர்களிடம் நீட்டாதவர் நம்மில் குறைவு. அந்த ஆர்வத்தைக் கூத்துக் களரியிலும் நாடக மேடையிலும் திரையிலும் பேர்பெற்ற மூத்த கலைஞர்களின் பக்கம் திருப்ப விரும்புவோருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். சேகரிப்பு என்றதும் பலருக்கும் சென்னை நட்சத்திரங்களே முதலில் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருப்பவர்கள் தத்தம் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடமிருந்து தொடங்குவதே முறை என்பது என் உறுதியான கருத்து. நம் கண்முன்னே இடப்பட்ட கையெழுத்தில் போலி என்ற பேச்சுக்கு இடமில்லை. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. 1978 நவம்பர் சூறாவளி, அதன் பின்வந்த போர்க்கால இடப்பெயர்வுகள், 2004 டிசெம்பர் ஆழிப்பேரலை ஆகியவற்றில் இந்தக் கரையோர வீடுகளிலிருந்த படங்களும் அழைப்பிதழ்களும் கூத்துப் பாட்டுகளை எழுதிவைத்த கூத்துக் கொப்பிகளும் பெருமளவில் அழிந்துபோனதால், ஒரு காலத்தில் ஊரையே விடிய விடிய விழித்திருக்கச் செய்த கூத்தரின் கையெழுத்துள்ள ஒரு தாள்கூட அவருடைய பேரப்பிள்ளைகளிடம் இல்லாமற் போயிருக்கிறது.

முதற் படி: யாரிடம் பெறுவது என்று தீர்மானியுங்கள்

ஒரு கொப்பியில் உங்கள் ஊரிலும் அயலூர்களிலும் வாழும் கலைஞர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். சீலாமுனை, கன்னன்குடா, வந்தாறுமூலை, முனைக்காடு போன்ற கூத்து வளர்ந்த ஊர்களில் ஒரு பெரியவரைக் கேட்டால் அவர் பத்துப் பேரைச் சொல்வார். அருச்சுனனும் கர்ணனும் ஆடியவர்களோடு நின்றுவிடாதீர்கள். மத்தளம் அடித்த அண்ணாவியார், கொப்பி பார்த்து அடி எடுத்துக் கொடுத்த ஏட்டண்ணாவியார், சல்லாரி என்ற தாளம் போட்டவர், பிற்பாட்டுப் பாடியவர், கட்டியகாரனாக வந்தவர், பெண் பாத்திரம் ஆடிய ஆண்கள் ஆகிய அனைவரும் பட்டியலில் இடம்பெற வேண்டும். பெண் பாத்திரம் ஆடியவர்களை யாரும் தேடிப் போவதில்லை என்பதால் அவர்களை முதலில் சந்திப்பது நல்லது.

அடுத்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் கர்ணன் போரையும் 1963இல் நொண்டி நாடகத்தையும் மேடையேற்றியபோது அவற்றில் ஆடிய மாணவர்கள் இப்போது எண்பது வயதை அடைந்தவர்கள் அல்லது கடந்தவர்கள் என்பதை நினைவிற்கொண்டு, அவர்களை விசாரித்து அறியுங்கள். குத்துவிளக்கு (1972), பொன்மணி (1977), வாடைக்காற்று (1978) முதலிய ஈழத்துத் திரைப்படங்களில் நடித்தவர்களைத் தேடுவதும் இதே அவசரத்துடன் செய்ய வேண்டிய வேலை. இந்தியத் திரைக் கலைஞர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தாளும் பேனையும்

கடையில் வாங்கும் மலிவான கொப்பித் தாள் சில வருடங்களிலேயே மஞ்சளாகி ஓரம் நொறுங்கும். தடித்த வெள்ளைச் சித்திரத் தாளை, அமிலமற்றது என்று குறிக்கப்பட்டது கிடைத்தால் அதையே, 4 அங்குலத்துக்கு 6 அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். நீரில் கரையாத கறுப்பு மைப்பேனை ஒன்று போதும். அது கரையுமா என்பதை அறிய, ஒரு தாளில் எழுதி, மை நன்றாகக் காய்ந்த பின் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். புகைப்படத்தில் கையெழுத்துப் பெறுவதானால் பளபளப்பில்லாத பிரதியையே ஸ்டூடியோவில் கேட்டு வாங்குங்கள். பளபளப்பான படத்தில் குமிழ்முனைப் பேனை வழுக்கும், அழுத்தினால் படத்தில் பள்ளம் விழும். வேறு வழியில்லையென்றால் மார்க்கர் பேனையைப் பாவித்து, மை உலரும் வரை படத்தை எதனோடும் சேர்த்து வைக்காதிருங்கள்.

பழைய கூத்து அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், படக்கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் ஆகியவை வெற்றுத் தாளைவிடப் பெறுமதியானவை. ஆனால் அண்ணாவியாரின் கூத்துக் கொப்பியில் கையெழுத்துக் கேட்கவோ, அதை இரவல் கேட்கவோ வேண்டாம். பரம்பரையாக வந்த அந்தக் கொப்பி சேகரிப்பாளரின் கைக்குரிய பொருளன்று.

மூன்றாம் படி: நேரிற் சென்று கேட்பது

இதுவே முழு வேலையின் உயிர்நாடி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அரங்கேற்ற இரவில் கேட்கக் கூடாது. விடியும் வரை ஆடுபவரின் கை வியர்த்திருக்கும், முகத்தில் ஒப்பனை இருக்கும், மனம் அடுத்த வரவில், அதாவது களரிக்குள் அடுத்து நுழைவதில், இருக்கும். வேளாண்மை வெட்டு முடிந்து கையில் வேலை குறைந்திருக்கும் நாட்களில், முன்கூட்டியே ஒருவர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டு, பின்னேரம் வீட்டுக்குச் செல்லுங்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போவது நம் வழக்கம். அவரும் வட்டாவை முன்னே வைப்பார். வெற்றிலை போட்ட பின் விரல் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும் என்பதால் கையெழுத்துக்கு முன் துடைத்துக்கொள்ள ஒரு துணியை நீங்களே கொண்டுபோவது நல்லது. சுண்ணாம்புத் தடம் படத்தில் பட்டால் போகாது.

வயதுக்கேற்ப "ஐயா" என்றோ "அண்ணாவியார்" என்றோ அழைத்து, தாளை உடனே நீட்டாமல், அவர் முதலில் சதங்கை கட்டிய கூத்து எது, யார் பழக்கினார் என்று கேளுங்கள். பேச்சு தானாகக் களைகட்டும். நான் சந்தித்த முதியவர் ஒருவர் பேனையைக் கையில் வாங்கியதும் எழுதாமல், தன் வரவுத் தாளக்கட்டை மெல்லச் சொல்லிப் பார்த்தார். மத்தளம் அடித்துக் காய்த்த விரல்கள் மேசை விளிம்பில் அதற்கேற்ப அசைந்தன. பிறகு, எவரும் கேளாமலே, தன் பெயருக்கு முன்னால் "அருச்சுனன்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திட்டார். அன்று முதல் ஒவ்வொரு கலைஞரிடமும் பெயரோடு பாத்திரத்தையும் எழுதித் தரும்படி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

கை நடுங்குபவர்களை வற்புறுத்த வேண்டாம். ஒரு எழுத்து மட்டும் இட்டாலும் அது அவருடையதே. எழுதப் பழகாத கலைஞராயின், அவர் விரும்பினால் மட்டும், ஒரு விருத்தத்தைப் பாடச் சொல்லித் தொலைபேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஒருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட தாள்களை நீட்டாதீர்கள். விற்பனைக்கு என்று அவர் எண்ணிவிட்டால் அந்த வீட்டுக் கதவு பின்னர் திறக்காது.

நான்காம் படி: குறிப்பு எழுதுவது

வீட்டுக்கு வந்த அன்றே, தாளின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், இந்த விபரங்களை எழுதுங்கள்: கலைஞரின் பெயர், ஊர், கூத்தின் இரு மரபுகளில் வடமோடியா தென்மோடியா, கூத்தின் பெயர், ஏற்ற பாத்திரம், அரங்கேறிய வருடம், கையெழுத்துப் பெற்ற இடமும் திகதியும். பேனையால் எழுதினால் மை முன்பக்கத்துக்கு ஊறும். இந்தக் குறிப்பு இல்லாத கையெழுத்து, இருபது வருடங்களின் பின் யாருடையதென்றே தெரியாத ஒரு கிறுக்கலாகிவிடும்.

ஐந்தாம் படி: தொலைவிலிருப்பவர்களும் விற்பனைக்கு வருபவையும்

சென்னையிலுள்ள மூத்த கலைஞர்களுக்குத் தபால் மூலம் எழுதலாம். எந்தப் படத்தில் எந்தக் காட்சி உங்களைக் கவர்ந்தது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, உங்கள் முகவரியிட்ட உறையையும் சேர்த்து அனுப்புங்கள். இலங்கை முத்திரை அங்கிருந்து திரும்பிவரச் செல்லாது என்பதால், இந்தியா செல்லும் உறவினர் ஒருவரிடம் கொடுத்து, அங்கேயே முத்திரை ஒட்டச் சொல்வது இலகுவான வழி.

மறைந்த கலைஞர்களின் கையெழுத்தைப் பணம் கொடுத்தே பெற முடியும். அங்கே மிகுந்த கவனம் தேவை. முதலில் காலத்தைப் பொருத்திப் பாருங்கள். நாடக மேடையின் பெரும் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் காலமானார். குமிழ்முனைப் பேனை 1940களில்தான் சந்தைக்கு வந்தது. ஆகவே குமிழ்முனைப் பேனையில் எழுதிய கிட்டப்பாவின் கையெழுத்து என்று ஒன்று இருக்க முடியாது. எம். கே. தியாகராஜ பாகவதர் 1959இல் மறைந்தார் என்பது தெரிந்தால், பளிச்சிடும் மார்க்கரில் அவர் பெயரிட்ட படத்தையும் விலக்கிவிடலாம். பின்னர் உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். அச்சிட்ட கையெழுத்துப் பெரும்பாலும் சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும். றப்பர் முத்திரையில் மை எங்கும் ஒரே தடிப்பாயிருந்து ஓரத்தில் ஒதுங்கும். மனிதக் கை எழுதிய கோட்டில் அழுத்தமும் வேகமும் மாறிவரும், கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை கருமையாகும். ஊற்றுப்பேனையாயின் வளைவுகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. இவையனைத்தும் சரியாயிருந்தாலும், பெரும் நட்சத்திரங்களுக்காக உதவியாளர்கள் கையெழுத்திட்டுப் படம் அனுப்புவது சாதாரணமாக நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அவர்கள் நேரில் இட்ட ஒப்பத்துடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: பாதுகாப்பு

லமினேட் செய்யாதீர்கள். அந்தச் சூடும் பசையும் தாளோடு ஒன்றிவிட்டால் மீட்க வழியே இல்லை. செலோட்டேப்பும் அவ்வாறே. கடும் பிளாஸ்டிக் வாசனை வீசும் மென்மையான உறைகள் மையை உறிஞ்சும் என்பதால், பொலிப்புரொப்பிலீன் என்று குறிப்பிட்ட உறைகளைத் தேடி வாங்குங்கள். மூல கையெழுத்தைச் சுவரில் மாட்டினால் வெளிச்சத்தில் மங்கும். மாட்ட விரும்பினால் பிரதியை மாட்டலாம்.

மாரி மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவர்கள் ஈரம் கசியும் என்பதால் அலுமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்தி, பெட்டியை உயரமான தட்டில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளை உள்ளே இடுங்கள். பூச்சி உருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும் என்பதால் அதைப் பெட்டிக்குள் போட வேண்டாம். கச்சான் காற்று வீசும் வறண்ட நாட்களில், வெயில் படாத நிழலில், தாள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காற்றாட விட்டு, இராமபாணப் பூச்சி உண்டா என்று பாருங்கள்.

இறுதியாக, ஒவ்வொரு தாளின் இரு பக்கங்களையும் அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைக் கடற்கரையிலிருந்து விலகியிருக்கும் உறவினர் வீட்டிலும், இன்னொன்றை இணையச் சேமிப்பிலும் வையுங்கள். அச்சிட்ட பிரதி ஒன்றைக் கலைஞரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது உங்கள் பென்சிற் குறிப்பை வாசித்துக் காட்டி, கூத்தின் பெயரும் வருடமும் சரிதானா என்று அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.