நாய்க்குட்டி வீட்டுக்கு வரும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வீட்டில் முதல் தவறு, குட்டி வந்த ஐந்தாவது நிமிடமே நடந்துவிட்டது. மகனுக்கு அன்று ஏழாவது பிறந்த நாள். "கண்ணை மூடிக்கோ, கையை நீட்டு" என்று சொல்லி, அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த குட்டியை அவன் கையில் வைத்தேன். கண்ணைத் திறந்ததும் அவன் கத்த, கூடவே பதினைந்து பிள்ளைகள் கத்த, போதாததற்குப் பலூன் ஒன்றும் வெடித்தது. குட்டி அவன் புதுச் சட்டையில் மூத்திரம் போனது. அவன் பதறிக் கையை உதறினான். கீழே விழுந்த குட்டி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிவிட்டது. ராத்திரி பத்து மணிக்குத்தான் வெளியே வந்தது. நல்லவேளை, கால் உடையவில்லை.

அன்று காலையில்தான் அது தாயை விட்டுப் பிரிந்திருந்தது. வழியில் காரில் இரண்டு தடவை வாந்தி. அப்படி வந்த உயிரைத் திருவிழாக் கூட்டத்தில் இறக்கிவிட்டேன். விசேஷம் எதுவும் இல்லாத, வீட்டில் யாராவது ஒரு பெரியவர் நாள் முழுக்க இருக்கக்கூடிய ஒரு சாதாரண சனிக்கிழமைதான் நாய்க்குட்டிக்கு நல்ல நாள். தீபாவளி வாரம் வேண்டவே வேண்டாம்.

முதல் நாள் பிள்ளைகளைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். குட்டியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள், அதுவே மோந்து பார்த்துக்கொண்டு வரட்டும். நின்றுகொண்டு தூக்கும் வேலை பெரியவர்களுக்கு மட்டும்தான். பிள்ளைக்கு மடியில் வைத்துக்கொள்ள ஆசை என்றால், அதுவும் தரையில் உட்கார்ந்த பிறகுதான்.

குட்டி வாங்கும்போதே நடக்கும் தவறு ஒன்று உண்டு. "முப்பது நாள் குட்டியா எடுங்க, அப்பதான் பிள்ளைங்களோட ஒட்டும்" என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். எட்டு வாரமாவது குட்டி தாயோடு இருக்க வேண்டும். கூடப் பிறந்த குட்டியைக் கடித்து, அது வீல் என்று கத்தி விளையாட்டை நிறுத்தும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையே குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் படிக்காமல் வந்த குட்டி, அதை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும். பால் பற்கள் ஊசி மாதிரி இருக்கும். அவை விழுந்து புதுப் பல் முளைத்து முடியும்போது குட்டிக்கு ஆறேழு மாத வயது ஆகிவிடும்.

கடிக்க வருகிறது என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். குட்டிக்கோ அது விளையாட்டுக்கு அழைப்பு. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களுக்கு ஓடுவதைத் துரத்துவது பிறவிக் குணம். நாங்கள் 'ஸ்டேச்சு' விளையாட்டைத்தான் இதற்குப் பயன்படுத்தினோம். குட்டி எகிறினால் ஸ்டேச்சு, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அசையாத பிள்ளையிடம் குட்டிக்கு என்ன வேலை? சலித்துப்போய்ச் செருப்பைத் தேடிப் போய்விடும். செருப்பை மேலே எடுத்து வைப்பது உங்கள் பாடு.

இனி, நான் செய்ததிலேயே பெரிய தவறு. குட்டிக்கு மணி என்று பெயர் வைத்திருந்தோம். அவன் வந்து இரண்டு வாரம் இருக்கும். கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நாலு வயது மகள் உள்ளே தவழ்ந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டாள். மெல்ல ஓர் உறுமல். நான் மணியை இழுத்துப்போட்டு ஓர் அடி வைத்தேன். பிள்ளையிடம் உறுமுகிற நாயை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் என்னைத்தான் திட்டினார். "போதும், விடுன்னு அவன் பாஷையில சொன்னதுக்கா அடிச்சீங்க? உறுமக் கூடாதுன்னு கத்துக்கொடுத்தீங்கன்னா, அடுத்த தடவை சொல்லாமலே கடிப்பான்."

உறுமலுக்கு முன்பே நாய் பலவிதமாகச் சொல்லிப் பார்க்கிறது. உதட்டை நக்கும். தூக்கமே வராதபோது கொட்டாவி விடும். முகத்தை வேறு பக்கம் திருப்பும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறையாகத் தெரியும். கடைசியில் உடம்பு விறைக்கும். வீட்டுக்கு வந்ததும் ஃபோனைத் திறந்து, மகள் மணியைக் கட்டிக்கொண்டிருக்கும் படங்களைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நான் ஸ்டேட்டஸ் வைத்த படம் ஒன்றில் மணி காதைப் பின்னால் மடக்கி, முகத்தைத் திருப்பி, நாக்கால் மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தான். கட்டிப்பிடிப்பது நமக்குத்தான் பாசம், பல நாய்களுக்கு அது சிக்கிக்கொண்ட மாதிரி. சிறு பிள்ளைகளின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பதால், கடி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும்தான் விழுகிறது.

மறுநாளே ஹாலின் மூலையில் ஒரு கோணிப்பையை விரித்தோம். மணி அதில் படுத்திருந்தால் யாரும் தொடக் கூடாது. குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும், அதைக் கெடுத்தால் எரிச்சலில்தான் திரியும். தடவுவதற்கும் ஒரு கணக்கு வைத்தோம். மூன்று எண்ணும்வரை தடவு, கையை எடு. திரும்பக் கையைத் தேடி வந்தால் இன்னும் தடவலாம், நகர்ந்து போனால் விட்டுவிடு. நாலு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரிந்தது. புரியாதவர் என் மாமியார்தான். நாய் சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுப் பழக்கினால்தான் அடங்கும் என்பது அவர் கட்சி. உண்மையில் அப்படிச் செய்தால் யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் நாய் தட்டைக் காவல் காக்கத் தொடங்கும். சாப்பிடும் நாய் பக்கம் பிள்ளைகள் போகவே வேண்டாம்.

பிள்ளைகளின் தட்டிலிருந்து மேஜைக்கு அடியில் நடக்கும் விநியோகத்தையும் கவனியுங்கள். சாக்லேட், பாயசத்துத் திராட்சை, சாம்பார் வெங்காயம், பூண்டு எல்லாமே நாய்க்குக் கெடுதல். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். குட்டிக்கு மூன்று மாத வயதுவரை குடற்புழு மருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். குட்டியின் மலத்திலிருந்து பிள்ளைகளுக்கும் புழு தொற்றும் என்பதால், விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் கட்டாயமாக்குங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத வயதில்தான் போடுவார்கள். அதாவது, பிள்ளைகளைச் சும்மா கவ்விக் கீறும் பருவத்தில் அதற்குத் தடுப்பூசிப் பாதுகாப்பு இருக்காது. "வீட்டு நாய்தானே, பால் பல்தானே" என்று விட்டுவிடக் கூடாது. தோல் கீறியிருந்தாலும், முழங்கால் புண்ணை நக்கியிருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி இலவசமாகவே போடுகிறார்கள். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு அநேகமாக மருந்தே கிடையாது.

இதில் ஒரு சிக்கல், பிள்ளை உங்களிடம் சொல்ல வேண்டுமே. என் மகன் முழங்கையில் இருந்த கீறலை முழுக்கைச் சட்டை போட்டு மறைத்து வைத்திருந்தான். குளிக்க வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா மணியைக் கொண்டுபோய் விட்டுடுவீங்கல்ல" என்றான். எப்போதோ கோபத்தில் நான் சொன்ன வார்த்தைதான் அது.