ஊட்டி பின்கோடில் தொடங்கி 4 கோடி இலக்கப் பகா எண் வரை

ஊட்டியின் பின்கோடு 643001. இது பகா எண்ணா? பேப்பர், பேனா, சாதா கால்குலேட்டர் இருந்தால் போதும், மழையில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

முதலில் வகுத்துப் பார்ப்போம். வர்க்கமூலம் 801.8 சொச்சம், அதனால் 801-க்குள் இருக்கும் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 2, 3, 5 பார்த்த உடனே கழிந்துவிடும். 7-இல் இருந்து ஒவ்வொன்றாகப் போங்கள், சலிப்பாகத்தான் இருக்கும், 59 வரை ஒன்றும் சிக்காது. 61-இல் மாட்டும்: 61 × 10541. அந்த 10541-ஐயும் உடைத்தால் 83 × 127. ஆக, பகா எண் இல்லை. (குன்னூரின் 643101 இன்னும் மோசம், இலக்கங்களைக் கூட்டினால் 15, அதாவது 3-லேயே அவுட்.)

ஆறு இலக்கத்துக்கே இந்தப் பாடு. 39 இலக்க எண்ணிடம் இந்த வழி செல்லாது, ஆனால் சில எண்களுக்குக் குறுக்குவழி உண்டு. இப்போது கிடைத்த 127-ஐயே எடுத்துக்கொள்வோம்.

127 என்பது 2⁷ − 1. இப்படி 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்தால் அது மெர்சென் எண். அது பகா எண்ணாக வேண்டுமென்றால் அடுக்கும் பகா எண்ணாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இனி லூக்காஸ்-லேமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட 2 குறைவான தடவை, இங்கே 5 தடவை, இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண்.

4 → 14 → 67 → 42 → 111 → 0

வந்துவிட்டது! 2047-க்கு 9 தடவை செய்தால் 1736-இல் போய் நிற்கும், எனவே பகா எண் இல்லை. ஆனால் 23, 89 என்று காட்டிக்கொடுக்காது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, 127-ஆல் வகுக்கவே வேண்டாம் என்பதுதான். 67-இன் வர்க்கத்தில் 2 போனால் 4487. அதில் 128 எத்தனை தடவை? 35, மீதி 7. இரண்டையும் கூட்டினால் 42, அவ்வளவுதான். 128-ஐ 127-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் இது எப்போதும் சரிவரும். கடைசிப் படியில் 12319: 96 தடவை, மீதி 31, கூட்டினால் 127, அதாவது 0. கணினியோ எண்களை இரும முறையில் வைத்திருக்கிறது, அங்கே 128-ஆல் வகுப்பது என்றால் கடைசி ஏழு இலக்கத்தை வெட்டி எடுப்பது மட்டுமே. பெரிய பகா எண் தேடுபவர்கள் மெர்சென் எண்களையே சுற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2¹²⁷ − 1 பகா எண் என்று லூக்காஸ் 1876-இல், கணினியே இல்லாமல், காட்டினார். 39 இலக்கம்! 2024 அக்டோபரில் லூக் டுரன்ட் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 4,10,24,320 இலக்கங்கள். அன்றைக்குத் தெரிந்த பகா எண்களில் அதுதான் பெரியது.

அவ்வளவு பெரிய எண்ணின் கடைசி இலக்கத்தை நீங்களே சொல்லலாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே மாறி மாறி முடியும். அடுக்கை 4-ஆல் வகுங்கள், அதற்குக் கடைசி இரண்டு இலக்கமான 41-ஐப் பார்த்தால் போதும், மீதி 1. அப்படியென்றால் 2-இல் முடியும், ஒன்று கழித்தால் 1. லூக்காஸின் எண்ணுக்கு இதையே செய்து பாருங்கள், 7 வர வேண்டும்.